மரத்துக்குப் பசித்த ஊரில் காகிதக் கல்!

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ஹோக்வியம் என்று ஒரு சின்ன ஊர். பூர்வகுடிகளின் மொழியில் இந்தப் பெயருக்கு 'மரத்துக்குப் பசித்தது' என்று பொருள் சொல்கிறார்கள். ஆறு அடித்துக்கொண்டு வரும் கட்டைகளெல்லாம் முகத்துவாரத்தில் வந்து குவிந்து கிடந்ததால் வந்த பெயராம்.

சியாட்டிலிலிருந்து காரில் கிளம்பி, தெற்கே டகோமா, ஒலிம்பியாவைத் தாண்டி மேற்கே திரும்பினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வழியெல்லாம் ஊசியிலை மரங்கள், தூறல், மரம் ஏற்றிய லாரிகள். ஊரின் ஓரத்தில் கிரேஸ் ஹார்பர் விரிகுடா. வசந்த காலத்தில் அதன் சேற்றுத் திட்டுகளில் கரையோரப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும்.

பெயருக்கு ஏற்றபடியே வாழ்ந்த ஊர் இது. சுற்றுக் காடுகளின் ராட்சத மரங்கள் இங்கே பலகையாகவும் காகிதக் கூழாகவும் மாறின. 1990-ல் அந்தக் காடுகளில் வாழும் புள்ளி ஆந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க, அரசுக் காடுகளில் மரம் வெட்டுவது சுருங்கியது. 1992-ல் பெரிய கூழ் ஆலை மூடப்பட்டது. அதன்பின் வந்த, பழைய காகிதத்திலிருந்து புதுக் காகிதம் செய்த ஆலையும் 2011-ல் கதவடைத்தது.

மரம் குறைந்துபோன இந்த ஊரிலிருந்து வந்ததுதான் பேனல்டெக் நிறுவனத்தின் 'பேப்பர்ஸ்டோன்'. பழைய காகிதத்தில் செய்த சமையல் மேடைப் பலகை!

காகிதத்தில் மேடையா, ஈரம் பட்டால் ஊறிப்போகாதா? நம் வீட்டு குக்கரின் கறுப்புக் கைப்பிடியை நினைத்துப் பாருங்கள். அது பேக்கலைட். 1907-ல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்த ஃபீனாலிக் பிசினின் வாரிசு. அதே குடும்பத்துப் பிசினில் காகிதத் தாள்களை நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்தால் கல் போல இறுகிவிடும். வழியில் கடந்துவந்த டகோமாவில் 1943 முதல் இயங்கும் 'ரிச்லைட்' நிறுவனமும் இதே வகைப் பலகை செய்கிறது. ஸ்கேட்போர்டு சறுக்குமேடையிலிருந்து கிடார் வரை அது போயிருக்கிறது.

சியாட்டிலை ஒட்டிய ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் நம் ஊர்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே ஆள்கூலி கையைக் கடிக்கும். அதனால் சமையலறையைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் பழக்கம் அதிகம். அவர்களுக்குக் காகிதப் பலகையின் பெரிய வசதி, அது மர வேலைக் கருவிகளுக்குக் கட்டுப்படும் என்பதுதான். கார்பைடு பல் வைத்த ரம்பம், ரூட்டர், உப்புத்தாள் போதும். எடையும் கிரானைட்டில் ஏறத்தாழ பாதி. எட்டடி நீளம், இரண்டடி அகலம், ஓர் அங்குல கனம் என்றால் இது சுமார் 45 முதல் 50 கிலோ; கிரானைட் சுமார் 100 கிலோவைத் தொடும். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். அறுக்கும்போது முகக்கவசம் அவசியம். திருகு போடும் இடத்தில் முதலில் துளை போட வேண்டும். பலகை லேசாக விரிந்து சுருங்கும் என்பதால் சுவரோரம் சிறு இடைவெளி விட வேண்டும்.

நம் சமையலுக்கு ஒத்துவருமா? புளியும் எலுமிச்சையும் இதை அரிக்காது. அடர்நிறம் என்பதால் மஞ்சள் கறை கண்ணில் படாது. ஆனால், வெளிர் நிறம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. பிசினே பழுப்பு நிறம். வெயில் படப்பட இன்னும் கறுக்கும். சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அப்பளம் பொரித்த எண்ணெய் அதைத் தாண்டிவிடும். ஆகவே வாணலியை அடுப்பிலிருந்து நேரே மேடைக்கு இறக்கக் கூடாது. கீழே பிரிமணை வேண்டும். கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசிக்கொள்ளலாம்.

கண்ணாடிச் சில்லு பதித்த மேடைகளும் உண்டு. கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில், பழைய ஃபோர்டு கார் தொழிற்சாலைக் கட்டடத்தில் சில ஆண்டுகள் இயங்கிய 'வெட்ராஸோ', உடைந்த பாட்டில்களையும் டிராஃபிக் சிக்னல் கண்ணாடியையும் சிமென்ட்டில் பதித்துப் பலகை செய்தது. பார்க்க நம் பழைய மொசைக் தரையின் பணக்காரத் தங்கை! கண்ணாடி வண்ணம் மங்காது. ஆனால், பசை சிமென்ட். எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே விட்டால் மேற்பரப்பு அரித்து மங்கும். அறுக்க வைர பிளேடு வேண்டும். வீட்டில் செய்கிற வேலை அல்ல.

குவார்ட்ஸ் பலகையில் பசை பிளாஸ்டிக் பிசின். உள்ளே பெரும்பங்கு குவார்ட்ஸ் கல்பொடி. சிலவற்றில் மறுசுழற்சிப் பொருளும் கொஞ்சம் சேர்ப்பார்கள். புளிக்கு அசையாது. ஆனால், அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். தொழிலாளர்கள் பலர் இளம் வயதிலேயே பாதிக்கப்பட்டதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தப் பலகைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டுவிட்டது. இதைக் கொல்லைப்புறத்தில் வைத்து அறுக்கும் எண்ணமே வேண்டாம்.

ஆக, 'மறுசுழற்சி' என்ற ஒரு சொல்லை நம்பி வாங்க முடியாது. உள்ளே காகிதமா, கண்ணாடியா என்பதைவிட, அதைப் பிடித்து வைத்திருக்கும் பசை எது என்று கேட்பதுதான் முக்கியம். சூடு, புளி, எடை, பிற்காலம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஃபீனாலிக் பிசின் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. பழைய காகிதத்தில் பிறந்த பலகை மறுபடி காகிதம் ஆகாது. அதனால், பல வருஷம் வைத்திருக்கப் போகிறவர்களுக்கே அது பொருந்தும். வாங்கும் முன் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, புளிக்கரைசலும் மஞ்சளும் எலுமிச்சையும் தடவி ஓர் இரவு வைத்துப் பார்த்துவிடலாம்.

ஹோக்வியம் பலகையின் பசையில் இன்னொரு சேதியும் இருக்கிறது. பெட்ரோலியத்துக்குப் பதிலாக அதில் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் சேர்கிறது. பண்ருட்டிக்காரர்களுக்கு இந்த எண்ணெயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொட்டையை உடைக்கும்போது தெறித்து, தோலைச் சுட்டுக் கறுக்க வைப்பது இதுதான். சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டு உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அந்த எண்ணெய் எந்த ஊர்க் கொட்டையிலிருந்து வந்தது என்று பலகையில் எழுதியிருக்காது. ரெட்மண்ட் வீட்டில் பாயசத்துக்கு முந்திரி வறுபடும்போது, அடுப்புக்குப் பக்கத்து மேடையிலும் முந்திரியின் ஓடு கலந்திருக்கும். பருப்பையும் ஓட்டையும் பிரித்தது யாரோ ஒருத்தியின் கை.