சைடு வருமானம் என்று சொல்லாதே, தம்பி

போன மாதம் மதுரையிலிருந்து தம்பி ஒரு மெசேஜைப் படம்பிடித்து அனுப்பினான். அவன் போட்ட ரிட்டர்னும் வருமான வரித் துறையிடம் இருக்கிற விவரமும் பொருந்தவில்லை, சரிபார்க்கவும் என்று அதில் இருந்தது. அவன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் நடத்துகிறான். சனி, ஞாயிறு வந்தால் ஊமச்சிகுளம், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று வயலெல்லாம் பிளாட் ஆகிவரும் ஊர்களில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கிறான். கல்லூரி தந்த ஃபார்ம் 16-ஐ வைத்து ஐடிஆர்-1 போட்டவன், பிளான் போட்ட காசை எழுதவே இல்லை. பிளான் வாங்கிய கட்டுமான நிறுவனமோ 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்து, அவன் பான் எண்ணில் கட்டி வைத்திருக்கிறது.

"அது சும்மா சைடு வருமானம்க்கா. சம்பளத்தைத்தான் காட்டியாச்சுல்ல?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. வரி போனதற்காக இல்லை. அந்த 'சைடு' என்ற சொல்லுக்காக.

கனடாவின் ஸ்கார்பரோவில் என் பிழைப்பும் அவனுடையதைப் போலத்தான். பகலில் ஓர் அலுவலகத்தில் சம்பள வேலை, மாலையில் பேஸ்மென்டில் ரவிக்கை தைக்கிறேன். குளிர் விடத் தொடங்கினால் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கேட்கும் முதல் கேள்வி, "ரக்ஸ் செய்து முடிஞ்சுதோ?" டாக்ஸைத்தான் அப்படிச் சொல்வார். பிப்ரவரி முடிவதற்குள் அலுவலகம் டி4 என்ற சீட்டைத் தந்துவிட வேண்டும். அதன் 14-ஆம் கட்டத்தில் இருக்கும் சம்பளம், ரிட்டர்னில் 10100 என்ற வரிசைக்குப் போகும். தையலுக்கு டி2125 என்று தனிப் படிவம். தொழிலின் பெயர் என்ன, என்ன செய்து தருகிறீர்கள், எந்தத் துறையின் எண் என்று கேட்டுவிட்டு, வரவையும் நூல், லைனிங் துணி, மெஷின் பழுது, வீட்டில் தையல் அறைக்கு உரிய பங்கு மின்சாரம் ஆகிய செலவையும் எழுதச் சொல்கிறது. மிஞ்சுவது 13500 என்ற வரிசையில் வந்து உட்காரும். அதன்பின் இரண்டையும் கூட்டித்தான் வரி.

முதல் வருடம் 'என்ன செய்து தருகிறீர்கள்' என்ற இடத்தில் 'ரவிக்கை தையல்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முப்பது வருடம் செல்லூர் வீட்டுத் திண்ணையில் இதையேதான் செய்தாள். ஆடிக்கும் தீபாவளிக்கும் இரவு இரண்டு மணிவரை மெஷின் ஓடும். நூலும் கொக்கியும் வாங்கப் புது மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப்போவாள். நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ஆண்களை ஊரே 'டெய்லர்' என்றது. எங்கள் பள்ளி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் மட்டும் 'இல்லத்தரசி' என்று இருக்கும். அதை எழுதியது அம்மாவேதான்.

அந்தச் சொல்லுக்கு அவள் கொடுத்த விலை அதிகம். ஓவர்லாக் மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டாள். வருமானத்துக்கு என்னம்மா ஆதாரம், மூன்று வருட ரிட்டர்ன் இருக்கா என்றார்கள். வரம்புக்குக் கீழே சம்பாதித்த அவளுக்கு வரியே வந்திருக்காது. ஆனாலும் ரிட்டர்ன் என்ற தாள் இருந்திருந்தால் அதைக் காட்டிக் கடன் கேட்டிருக்கலாம். கடைசியில் தெருவில் வட்டிக்கு வாங்கினாள். மெஷின் விலையைவிட வட்டி அதிகம் போயிற்று.

கனடாவின் கணக்கில் எனக்கு ஆத்திரம் வரும் இடங்களும் உண்டு. சி.பி.பி. என்ற ஓய்வூதியச் சந்தா, சம்பளத்துக்கு 5.95 சதவீதம் நான், 5.95 சதவீதம் அலுவலகம். தையல் வருமானத்துக்கு முதலாளியும் நானே என்பதால் 11.9 சதவீதமும் என் தலையில். இன்னொன்று தேதி. சொந்தத் தொழில் செய்பவர் ரிட்டர்ன் போட ஜூன் 15 வரை அவகாசம். அதை நம்பி முதல் வருடம் நிதானமாக இருந்தேன். ரிட்டர்னுக்குத்தான் அந்தத் தேதி, பணத்துக்கு ஏப்ரல் 30. மே மாதத்திலிருந்து வட்டி ஓடியது எனக்குத் தெரியாது. ரசீதுகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது தொல்லை. என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. கடைக்காரர்கள் தரும் வழுவழுப்பான தாளில் அச்சு ஒரே கோடையில் வெளிறிவிடும். நூல் வாங்கிய கையோடு, கார் கதவைத் திறப்பதற்கு முன்பே ரசீதைப் படம் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஆனாலும் அந்த 11.9 சதவீதத்தைக் கட்டும்போது ஒன்றை நினைத்துக்கொள்வேன். நாளை ஓய்வூதியம் கணக்கிடும்போது அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தோடு தையல் மெஷினில் உட்கார்ந்த நேரமும் சேரும். அம்மாவின் முப்பது வருடம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இப்படிச் சொல்வதால் ஊரை விட்டுக்கொடுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு ஒரு விருந்தில், "இந்தியாவில் யார் வரி கட்டுறா?" என்று ஒருவர் சிரித்தபோது விடாமல் பதில் சொன்னவள் நான். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவுக்காக ஜேம்ஸ் வில்சன் 1860-இல் நம் தலையில் வருமான வரியை வைத்தார். கனடா அதைக் கண்டது 1917-இல், முதல் உலகப் போர்ச் செலவுக்கு. நமக்கு 57 வருட மூப்பு. மாதச் சம்பளக்காரனுக்கு மதுரையிலும் பணம் கைக்கு வருமுன்பே வரி பிடித்துவிடுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போட்டவருக்கு வரி இல்லை என்றால், அது ஏய்ப்பு இல்லை, விவசாய வருமானத்துக்குச் சட்டமே தந்த விலக்கு. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் பூ என்ன விலை விற்கும், மறுநாள் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு அந்த விலக்கின் நியாயம் புரியும்.

தம்பி போன்றவர்களுக்கு நம் சட்டம் காட்டும் தாராளமும் இங்கே கிடையாது. பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும், மீதிப் பாதி செலவு என்று அரசே ஒப்புக்கொள்கிறது. செலவு ரசீதும் பிஸ்கட் டப்பாவும் வேண்டாம். 44ஏடிஏ என்று பழைய சட்டத்தில் பெயர். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத்தில் எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. சம்பளத்தையும் இதையும் சேர்த்து ஐடிஆர்-4-இல் எழுதலாம். முன்கூட்டிக் கட்டும் வரியையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். எனக்கு இப்படி ஒரு சலுகை இருந்தால் ஒவ்வொரு பனிக்காலத்திலும் பத்து இரவாவது மிச்சமாகும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு தம்பி உண்மைக் காரணத்துக்கு வந்தான். ஒன்று, தொழில் வருமானம் காட்டினால் பழைய வரிமுறை, புதிய வரிமுறை என்று சம்பளக்காரரைப் போல வருடா வருடம் மாறிக்கொள்ள முடியாது. அது நியாயமான குறைதான், என்னிடம் பதில் இல்லை. மற்றது பயம். "காலேஜுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிருவாய்ங்கக்கா." 2022-இல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக விப்ரோ 300 பேரை நீக்கியதிலிருந்து இந்தப் பயம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அவன் போடும் ரிட்டர்னைக் கல்லூரிக்கு யாரும் அனுப்பி வைப்பதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அனுமதி வேண்டும் என்று கல்லூரி விதி இருந்தால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்காக வரித்துறையிடம் ஏன் மறைக்க வேண்டும்?

அவன் ஆடிட்டரைப் பார்த்துவிட்டான். திருத்திய ரிட்டர்னில் சம்பளம் ஒரு வரி, பிளான் போட்டது ஒரு வரி. நிறுவனம் பிடித்த டிடிஎஸ்ஸும் அவன் கணக்கில் வரவாகிவிட்டது. அதை முதல் தடவை விட்டதில் நட்டம் அவனுக்குத்தான் இருந்தது.

பகலில் சம்பளத்துக்கும் மாலையில் சொந்தத் தொழிலுக்கும் உழைக்கிற மதுரைத் தம்பி தங்கைகளே, அடுத்த ரிட்டர்னில் இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் அம்மா தைத்தால், மாவு அரைத்து விற்றால், பூக் கட்டினால், பிள்ளைகளின் விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் அதையே எழுதுங்கள்.