பெங்களூரில் கண்ட தோற்பாவைகள்

அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்திற்கு வந்து போகும் அன்பர்கள், ஒரு நாள் குமார கிருபா சாலைக்கும் சென்று வருதல் வேண்டும். 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கர்நாடக சித்திரகலா பரிஷத்து அங்கேதான் உள்ளது. அதன் தோற்றத்திற்கு உழைத்த பேராசிரியர் எம். எஸ். நஞ்சுண்ட ராவ் தேடிச் சேர்த்த தோற்பாவைகளைக் காண நாங்கள் குடும்பத்துடன் சென்றிருந்தோம்.

கன்னடத்தில் இவற்றைத் 'தொகலு கொம்பெ' என்பர். ஆட்டுவிப்போர் கிள்ளெக்யாதர் என்னும் குலத்தினர். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னே கன்னடம். நம் நாட்டுத் தோற்பாவைக் கூத்தரும் வீட்டில் மராத்தியும் ஆட்டத்தில் தமிழும் பேசுவோரே. வீட்டுக்கொரு மொழி, வெளிக்கொரு மொழி என வாழும் எங்களுக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை!

இப்பாவைகளைப் பார்த்தபோது எங்கள் பழைய பிழை நெஞ்சில் உறுத்தியது. ஊரிலிருந்து கொணர்ந்த அனுமன் பாவை ஒன்று எங்களிடம் உண்டு. தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்கையில் அதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். சிவப்புச் சாயம் கரைந்து ஓடிற்று. காய்ந்தபின் வால் சுருண்டுகொண்டது. செருப்புத்தோல் போல் இது பதனிட்ட தோலன்று. மயிர் நீக்கிச் சுரண்டி உலர்த்திய வெறுந்தோல். ஒளி ஊடுருவுவது அதனால்தான். ஈரத்தை உறிஞ்சி நெளிவதும் அதனால்தான்.

வடதுருவத்து இனுயிட்டு மக்கள் கடல்நாயின் குடலைத் தைத்து மழைச்சட்டை செய்வர். காய்ந்து நொறுங்கும் அச்சட்டைகளைக் காட்சிசாலையார் நீரில் நனைப்பதில்லை. காற்றின் ஈரப்பதத்தை மெல்ல உயர்த்தி, தோல் இளகியபின் மடிப்பை நீவுகின்றனர். தூசியை மென்தூரிகையால் தட்டி எடுப்பதே முறை. எண்ணெய் பூசுவது பெருங்கேடு. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சி அரித்த பொருளைக் காற்றுப் புகாத உறையிலிட்டுக் கடுங்குளிரில் வைப்பர்.

பாவையிற் படிந்த விளக்குப் புகை மட்டும் எங்களைக் குழப்புகிறது. அது அழுக்கா? இரவெல்லாம் ஆடியதன் தடமன்றோ! அதைத் துடைத்தெடுத்தால் மீண்டும் வருமா? கிழிந்த பாவையை ஆற்றில் விடும் வழக்கமும் கூத்தர் சிலரிடம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தவற்றுக்கு அவ்விடுதலையும் இல்லை.

வீடு திரும்பியதும் அனுமனைச் சுவரிலிருந்து இறக்கினோம். வெயில் படாத அலமாரியில், வெளுத்த பருத்தித்துணியில் சுற்றிப் படுக்க வைத்துள்ளோம். வாலை நிமிர்த்த முயலவில்லை. மார்பிலுள்ள கரியையும் தொடவில்லை.