அஞ்சலகத்தில் குடியிருந்தவர்கள்

பழைய கணினி ஒன்றைக் கழித்துக்கட்டுவதற்கு முன், அதில் எஞ்சியிருப்பவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சென்ற மாதம் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். வன்தட்டின் ஒரு மூலையில் யூடோரா இருந்தது. சொடுக்கியதும் திறந்தது. கடைசியாக வந்திருந்த மடலின் தேதி 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைச் சேர்ந்தது. அதன் பிறகு நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். காலி செய்தபோது எதை எடுத்துச் சென்றோம், எதைத் தொலைத்தோம் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடத் தோன்றுகிறது.

யூடோராவை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. 1988இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஸ்டீவ் டார்னர் அதை எழுதினார். மின்னஞ்சல் நிரலி எழுதும் வேலையில் மூழ்கி, தபால் நிலையத்திலேயே குடியிருப்பதைப் போல உணர்ந்த அவருக்கு ஒரு சிறுகதை நினைவுக்கு வந்ததாம். மிசிசிப்பி எழுத்தாளர் யூடோரா வெல்ட்டி 1941இல் வெளியிட்ட கதை அது. வீட்டாரோடு சண்டையிட்டுக்கொண்டு, தான் வேலை பார்க்கும் சிற்றூர்த் தபால் நிலையத்துக்கே மூட்டை முடிச்சுகளோடு குடிபெயர்ந்துவிடும் ஒரு பெண், அதற்கான காரணத்தைத் தானே சொல்வதாக அமைந்த கதை. அந்த எழுத்தாளரின் பெயரையே டார்னர் தம் நிரலிக்கு வைத்தார். ஒரு சிறுகதையாசிரியரின் பெயரைத் தாங்கிய மென்பொருள் என்பதே இலக்கியப் பித்துப் பிடித்த எங்களுக்கு அதைப் பயன்படுத்தப் போதுமான காரணமாக இருந்தது.

வேறு காரணங்களும் இருந்தன. 1999இல் பாளையங்கோட்டையில் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே கணினி. தொலைபேசி வழி இணைப்பு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. யூடோரா இணைப்பு கிடைத்தவுடன் மடல்களை மளமளவென்று இறக்கிக்கொள்ளும். இணைப்பைத் துண்டித்துவிட்டு, இரவெல்லாம் ஆற அமரப் படிக்கலாம், பதில் எழுதலாம், மறுநாள் மொத்தமாக அனுப்பலாம். 2000இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு வேடிக்கை இருந்தது. எழுதும் மடலில் கடுஞ்சொற்கள் இருந்தால் மிளகாய்ப் படங்களைக் காட்டி அது எச்சரிக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில வசவுகள். எங்கள் சண்டைகள் யாவும் தமிழில் நடந்தபடியால் ஒரு மிளகாய்கூட விழுந்ததில்லை.

தமிழில் எழுதுவது அன்று எளிதாக இல்லை. முரசு அஞ்சலில் தட்டச்சு செய்து, திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்து அனுப்புவோம். கணினியைப் பொறுத்தவரை அவை தமிழ் எழுத்துகளே அல்ல. மேற்கத்திய எழுத்துகளும் குறிகளும் அமர்ந்திருக்கும் இடங்களில் நாம் தமிழின் வடிவங்களை ஒட்டவைத்திருந்தோம், அவ்வளவே. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் முக்கால் என்னும் பின்னக்குறியில்தான் தொடங்கும். யூடோராவிலோ, திரை எழுத்துரு இதுதான் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். வந்த மடலெல்லாம் தமிழாகத் தெரியும்.

அப்படித் தெரிந்த மடல்களில் பெரும்பகுதி அண்ணாச்சியினுடையவை. அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்து துணை அஞ்சலக அதிகாரியாக ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் புதுமைப்பித்தனையும் கு. அழகிரிசாமியையும் கையில் கொடுத்தவர் அவர்தான். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு மெல்பர்னுக்குப் போய்விட்டார். தமிழ்த் தட்டச்சு ஏற்கெனவே கைவசம் இருந்ததால் அறுபது வயதுக்கு மேல் கணினியைப் பழகுவது அவருக்குச் சிரமமாக இல்லை. வாரம் ஒரு மடலாவது வந்துவிடும். படித்த புத்தகம், அங்குள்ள மரங்கள், விட்டுவந்த ஊர், பழைய தந்திகள், மணியார்டரை எதிர்பார்த்துக் காலையிலிருந்து திண்ணையில் காத்திருக்கும் கிழவிகள் என்று எல்லாம் அதில் வரும். யூடோரா என்ற பெயரின் கதையை நாங்கள் எழுதியபோது அவருடைய பதில் உடனே வந்தது. தாமும் தபாலாபீசிலேயே குடியிருந்தவன்தான், முன்புறம் ஆபீஸ், பின்புறம் குவார்ட்டர்ஸ், நடுவில் ஒரு கதவு, அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதில்தான் உங்கள் மதினிக்கும் எனக்கும் ஆயுள் முழுக்கச் சண்டை என்று எழுதியிருந்தார்.

2005 ஐப்பசியில் அண்ணாச்சி காலமானார். மறு ஆண்டு மதினி ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அதே 2006 அக்டோபரில்தான் செய்தி வந்தது. 1991 முதல் யூடோராவைத் தன் பொறுப்பில் வைத்திருந்த குவால்காம் நிறுவனம், இனி அதை வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. விண்டோஸுக்கான ஏழாம் பதிப்பே கடைசி. விற்பனையும் 2007 மே மாதத்தோடு நின்றுவிடும். உண்மையைச் சொன்னால், அதற்கு முன்பே எங்களுக்கும் அதற்கும் இடையில் விரிசல் விழுந்திருந்தது. நண்பர்கள் ஒவ்வொருவராக யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்தனர். யூடோராவுக்கு யூனிகோடு வசப்படவே இல்லை. புதிய தமிழ் மடல்கள் எல்லாம் அதில் குப்பையாகவே வந்து விழுந்தன. பழைய தமிழை மட்டும் படிக்கத் தெரிந்த முதியவரைப் போல அது ஆகியிருந்தது.

எனவே மாற்று தேட வேண்டியிருந்தது. மூவரும் மூன்று திசையில் நின்றோம்.

எங்களுள் ஒருவர் ஜிமெயிலுக்குப் போய்விடலாம் என்றார். 2004இல் அது ஒரு ஜிகாபைட் இடம் தருவதாகச் சொல்லி வந்தபோதே அவர் மனம் அங்கே போய்விட்டது. கணினி பழுதானாலும் மடல் பழுதாகாது என்பது அவருடைய வாதம். இன்னொருவர், நம் மடல் நம் வீட்டில் இருக்கவேண்டும், அடுத்தவர் வீட்டுப் பரணில் போட்டுவைத்துவிட்டு வேண்டும்போதெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்றார். அவர் பெகாசஸை முன்மொழிந்தார். நியூசிலாந்தில் டேவிட் ஹாரிஸ் என்னும் தனி மனிதர் 1990 முதல் இலவசமாக வழங்கிவந்த நிரலி அது. அதைப் பரிசீலித்துக்கொண்டிருக்கும்போதே, 2007 ஜனவரியில், அவரும் பணியை நிறுத்துவதாக அறிவித்தார். பிறகு ஆதரவு கிடைத்துத் தொடர்ந்தார் என்றாலும், ஒரு மரணத்திலிருந்து இன்னொரு மரணத்துக்குக் குடிபோக எங்களுக்கு அப்போது மனம் வரவில்லை. மூன்றாமவர், எதற்கு மாறவேண்டும், ஓடுகிறவரை ஓடட்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிறுவனம் கைவிட்டால் நிரலி மறுநாளே நின்றுவிடாது.

வாதம் நீண்டுகொண்டிருந்த ஒரு மாலை மதினி வந்தார். அண்ணாச்சி எழுதியதையெல்லாம் தாளில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா. ஆனா எனக்குக் கண்ணு தெரியுதப்பவே குடுத்திருங்க" என்றார்.

அதன் பிறகு எங்கள் கேள்வி மாறிவிட்டது. எந்த நிரலி அழகானது, எது வேகமானது என்பதெல்லாம் பின்னுக்குப் போயின. அண்ணாச்சியின் மடல்களை எது படிக்கும், படித்ததை வேறிடத்துக்கு எது விட்டுக்கொடுக்கும் என்பதே கேள்வி. யூடோராவின் பெருங்குணம் அப்போதுதான் புரிந்தது. அது ஒவ்வொரு பெட்டியையும் வெறும் உரைக்கோப்பாகவே வைத்திருந்தது. எந்த உரைத்தொகுப்பானாலும் அதைத் திறக்க முடியும். பூட்டு இல்லை. அதேபோல் பூட்டில்லாமல் சேமிப்பதும், யூனிகோடைச் சரியாகக் காட்டுவதும், பழைய திஸ்கி மடலுக்கு மட்டும் தனி எழுத்துருவைத் தெரிவுசெய்ய விடுவதும் தண்டர்பேர்டு என்று கண்டோம். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு கண்ட, மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருள். குவால்காமும் அடுத்த யூடோராவைத் தண்டர்பேர்டின் அடித்தளத்தில்தான் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தது. மூவரும் ஒருமனதாகத் தலையசைத்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மடல்களை இடம் மாற்றினோம். எண்ணிப் பார்த்தோம். அண்ணாச்சியின் பெட்டியில் 214. எல்லாம் வந்துசேர்ந்தன. மகிழ்ச்சியில், வன்தட்டில் இடம் போதாதிருந்த அந்தக் கணினியைச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். யூடோராவின் கீழே இணைப்புகளுக்கென்று ஒரு கோப்புறை இருந்தது. மடல்களோடு அவையும் வந்துவிட்டிருக்கும் என்று நினைத்து அதை அழித்தோம். குப்பைத்தொட்டியையும் காலி செய்தோம்.

அவை வந்திருக்கவில்லை. யூடோரா, மடலோடு வரும் படங்களையும் கோப்புகளையும் பிரித்தெடுத்துத் தனிக் கோப்புறையில் போட்டுவிட்டு, மடலின் அடியில் அந்தக் கோப்பு இருக்கும் பாதையை மட்டும் ஒரு வரியாக எழுதிவைக்கும். எட்டாண்டுகள் பயன்படுத்திய எங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி தம் அஞ்சலக நாட்களின் கையெழுத்துக் குறிப்பேட்டை மின்வருடி, பக்கம் பக்கமாக அனுப்பியிருந்தார். நாற்பது பக்கங்களுக்கு மேல். மெல்பர்னில் இருந்த மூலக் குறிப்பேடு வீடு மாற்றத்தில் எங்கோ போய்விட்டதாகப் பின்னர் அறிந்தோம். இப்போதும் அந்த மடல்களில் 'இத்துடன் இணைத்திருக்கிறேன்' என்ற அவருடைய வரி இருக்கிறது. அடியில் அந்தப் பாதையும் இருக்கிறது. எங்களுள் ஒருவர் முன்பே அச்செடுத்து வைத்திருந்த மூன்று பக்கங்கள் மட்டும் மிஞ்சின.

மிஞ்சியதையாவது காப்பாற்றவேண்டும் என்ற குற்றவுணர்வில் அந்தக் கோடை முழுதும் உழைத்தோம். ஒவ்வொரு மடலையும் பொங்குதமிழ் மாற்றியில் இட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். 1999இல் வந்த பதினொரு மடல்கள் வழியிலேயே சிதைந்திருந்தன. எட்டு பிட்டுகளில் ஒன்றை எங்கோ ஒரு கணினி உதிர்த்துவிட்டதால், ஒவ்வொரு தகரமும் மடல்களில் மேற்கோளைக் காட்ட இடும் அம்புக்குறியாகத் திரிந்திருந்தது. எந்தக் குறி எந்த எழுத்திலிருந்து விழுந்தது என்று பட்டியலிட்டு, சுவடி வாசிப்பவர்களைப் போல அவற்றை மீட்டோம். ஒன்பது மீண்டன. இரண்டில் சில வரிகள் இன்றும் புள்ளிகளாகவே இருக்கின்றன.

அச்செடுத்துக் கட்டிய தொகுப்பை 2007 ஆடியில் மதினியிடம் கொடுத்தோம். குறிப்பேடு தொலைந்த கதையையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பத்தாறு வருசத்துல ஒரு தபாலும் தவறினதில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. தொகுப்பை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

தண்டர்பேர்டிலும் அமைதியாக இருந்துவிட முடிந்தது என்று சொல்வதற்கில்லை. 2012இல் மொசில்லா தன் கவனத்தை வேறு பக்கம் திருப்புவதாக அறிவித்தபோது மறுபடியும் மூட்டை கட்டவேண்டுமோ என்று அஞ்சினோம். அது பிழைத்துக்கொண்டது, 2023இல் புதுத் தோற்றத்தோடும் வந்தது. யூடோராவுக்கும் ஒருவகை மறுவாழ்வு கிடைத்தது. 2018 மே மாதம் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வெளியிட்டது. ஒரு நிரலியை அருங்காட்சியகம் பார்த்துக்கொள்ளும். அதனுள் இருந்த மடல்களைப் பார்த்துக்கொள்ள நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

பழைய கணினியை அணைப்பதற்கு முன், அழிந்த கோப்புகளைத் தோண்டியெடுக்கும் நிரலி ஒன்றையும் ஓடவிட்டுப் பார்த்தோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எதுவும் கிடைக்காது என்று தெரிந்தேதான் செய்தோம். எதுவும் கிடைக்கவில்லை.

இதை வாசிக்கும் நண்பர்களிடம் திஸ்கியிலோ வேறு பழைய குறியேற்றத்திலோ எழுதப்பட்ட மடல்கள் எஞ்சியிருக்கலாம். அவற்றை எழுதியவர்களில் சிலர் இன்று இல்லாமலும் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஒருநாள் ஒதுக்கி அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றி முடித்த மகிழ்ச்சியில் எதையும் அழித்துவிடாதீர்கள். இணைப்புகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.