மெல்லிய கம்பி

2012 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் கணினி உள்ளங்கையில் அடங்குவது. விலை குறைந்தது, ஆதலால், கணினியின் உட்புறத்தைத் தாமே ஆராய விழையும் இளைஞர்க்கு வாய்ப்பானது. அட்டனை அண்மிய தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் வாழும் இளைஞன் ஒருவன் அதற்கு ஒரு சிறு பெட்டி அமைத்தான். கணினிக்கும் விசிறிக்கும் சேமிப்புத் தட்டுக்கும் மின்னூட்ட, நகரத்துக் கடையில் மலிவாகக் கிடைத்த வயரையே பயன்படுத்தினான். கணினி இயங்கியது. ஆயினும், கனமான வேலை கொடுத்ததும் திரையின் மூலையில் மின்னற் குறி தோன்றும், சற்றைக்கெல்லாம் அணைந்துவிடும்.

“மலிவு சாமான்னா அப்படித்தான் தம்பி” என்றார் அடுத்த காம்பராக்காரர்.

குற்றம் கணினியில் இல்லை. அழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினாலே அம்மின்னற் குறி தோன்றும். 0.08 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடைய செப்புக் கம்பியின் தடை மீற்றருக்கு 0.2 ஓமுக்குச் சற்று மேல். மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டுமாதலால் ஒரு மீற்றர் வயரில் அது இரட்டிக்கும். 2 அம்பியர் பாய்ந்தால் 0.85 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். 230 வோல்ற்று விளக்குக்கு இஃது ஒரு பொருட்டன்று. 5 வோல்ற்றை நம்பி வாழும் கணினிக்கோ ஆறில் ஒரு பங்கு. கடை வயரில் இன்னொரு வஞ்சனையும் உண்டு. உறை தடித்திருக்கும், உள்ளிருக்கும் இழைகளோ மெல்லியவை. அவ்விழையைப் பிளேட்டினால் சுரண்டினால் சிவப்பு நீங்கி வெண்மை தெரியும். செம்பு பூசிய அலுமினியம் அது.

இளைஞன் பழைய வயர் அனைத்தையும் களைந்து, 0.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை இட்டான். முறுக்கிவிட்ட இணைப்புகளைப் பற்றாசு வைத்து இறுக்கினான். கடுஞ்சுமையிலும் மானி 4.8 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவில்லை.

கம்பியின் பருமனை நோக்கப் பழகிய கண், பின்னர்ச் சுவரை நோக்காதிருக்க இயலாது. ஓரிரு விளக்குகளுக்கென்று அக்காம்பராவில் முன்னொரு காலத்தில் இழுத்த வயரிலேயே இன்று தொலைக்காட்சிப் பெட்டியும் சோற்றுக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் தொங்குகின்றன. புகைபடிந்த அட்டலுக்கு மேலே முறுக்கி ஒட்டிய இணைப்புகள். இங்கு எச்சரிக்க மின்னற் குறி இல்லை; வெப்பம் மட்டுமே உண்டு. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். உறை காய்ந்து வெடிக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த லயத்தில் ஒரு காம்பராவில் பற்றும் தீ மறுதொங்கல் வரை ஓடும். மலையகத்து லயத்தீக்களைப் பற்றிய செய்திகளில் ‘மின்னொழுக்கு’ என்ற சொல் அடிக்கடி வரும். எவர்க்கும் பொறுப்பில்லாத, மழை வெயில் போன்ற ஒன்றைக் குறிப்பது போலவே அச்சொல் ஒலிக்கிறது.

இத்தனைக்கும் நாட்டின் நீர்மின்சாரம் பெருமளவில் பிறந்தது இம்மலைகளிலேதான். 1918 இலேயே விமலசுரேந்திர இவ்வாறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டுக் கட்டுரை வாசித்தார். 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரையெங்கும் தேயிலைதான். கம்பிகள் கொழும்புக்கு இறங்கிய பின்னரும் எத்தனையோ லயங்களில் பல்லாண்டுகள் குப்பி லாம்பே எரிந்தது.

பெட்டி இளைஞனுக்குச் சொந்தம். அதன் வயரை அவன் மாற்றலாம். லயமோ தோட்டத்துக்குரியது, காம்பராவுக்கு உறுதி இல்லை. தகுதியுள்ள மின்வினைஞரை அழைத்துப் புதிதாய் வயர் இழுத்து, ட்ரிப் சுவிட்சும் பொருத்த வேண்டுமென்று அவன் சொன்னபோது தந்தையார், “தனி வீடு வரும்னு சொல்றாங்க. அதுக்குள்ள இதுக்கு ஏன் காசு?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயமுண்டு. ஆனால் அவ்வீடு வருமென்று சொல்லப்படுவது அவன் சிறுபிள்ளையாய் இருந்த காலந்தொட்டு.

இப்போதைக்கு வீட்டில் ஒரு விதி மட்டும் ஏற்பட்டுள்ளது: குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒருமிக்கப் போடலாகாது. மழைக்காலக் காலைகளில், தங்கையின் சீருடை உலராதிருக்க, தாயார் கொழுந்து மலைக்கு விரையும் வேளையில், அவ்விதி மீறப்படுகிறது.