உறுதியில் எழுதக்கூடிய விலை

நாற்பது வருஷ காலம் பிரசித்த நொத்தாரிசாக இருந்து, கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய் முதலிய ஊர்களின் செம்மண் காணிகள் கைமாறிய வேளைகளிலெல்லாம், பரப்பு எத்தனை, குழி எத்தனை, நாற்றிசை எல்லைக்குரியவர் யார், கிணற்றில் பங்கு எவ்வளவு, வழிவாய்க்கால் உரிமை உண்டோ இல்லையோ என்றெல்லாம் விசாரித்து, ஈற்றில் விலைத்தொகையைக் குறிக்கும் அந்த ஒற்றை வரியையும் பிழையற எழுதி முடித்தவன் நான். அப்படிப்பட்ட எனக்கு, பேரன் விளையாடுவதற்கென்று ஒரு சிநேகிதரிடம் வாங்க எண்ணிய இரண்டு கடகம் பிளாஸ்டிக் கட்டைகளுக்கு விலை சொல்ல ஒரு கிழமை பிடித்தது என்றால், வாசிப்பவர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை, ஆனால் காணி விற்பவனும் வாங்குபவனும் எனக்கு அந்நியர்கள், இங்கே விற்பவர் என் பால்ய சிநேகிதர், வாங்குபவனோ நானே என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

அந்தக் கட்டைகள் லெகோ என்ற பெயருடையவை. 2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 பாதை திறக்கப்பட்டபோது, டென்மார்க்கிலிருந்து வந்த சிநேகிதருடைய தம்பியார், ஆறு வயதுப் பெறாமகனுக்கென்று முதற் பெட்டியைக் கொண்டுவந்தார். 1980களில் அகதிகளாய் அந்நாட்டுக்குப் போன நம்மவரிற் பலர் யூட்லாந்து என்னும் குடாநாட்டின் சிறு பட்டினங்களிலே குடியேறினார்கள். பிறண்டாவில் அபிராமியம்மனுக்கும் ஹேர்ணிங்கிலே விநாயகருக்கும் அவர்கள் கோயில் எடுத்திருக்கிறார்கள். லெகோ பிறந்த பில்லுண்ட் என்னும் ஊரும் அந்த யூட்லாந்திலேயே இருக்கிறது. ஆகவே, நம் குடாநாட்டை விட்டுப் போனவர் இன்னொரு குடாநாட்டிலிருந்து அவ்வூரின் கைவேலையையே கொண்டுவந்தார் எனலாம். 2006இல் பாதை மீண்டும் அடைபடும்வரை ஒவ்வொரு வருகையின்போதும் ஒரு பெட்டி வந்தது. அவற்றுள் ஒன்று புகைவண்டி. 1990இல் யாழ்தேவி நின்றுபோய், தண்டவாளமும் பெயர்க்கப்பட்டு, பாதையெங்கும் பற்றை மூடிக்கிடந்த அக்காலத்தில், அந்தப் பையன் கண்ணால் கண்ட ஒரே புகைவண்டி அவன் தன் கையாலே கட்டியதுதான். 2014 ஒக்டோபரில் மெய்யான வண்டி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவன் மீசை முளைத்த வாலிபன். இன்று கனடாவிலே குடும்பஸ்தன்.

சிநேகிதர் வீட்டு விறாந்தையில் கட்டைகளைச் சவர்க்கார நீரிற் கழுவிச் சுளகுகளிற் பரப்பி நிழலிலே உலரவிட்டிருந்தார்கள். விலை என்னவென்று கேட்டேன்.

“ஐசே, ஆயிரம் காணிக்கு விலை எழுதின கை உம்முடையது. இதுக்கும் நீரே ஒண்டைச் சொல்லும். என்ன தந்தாலும் எனக்குச் சம்மதம்.”

“அப்பிடிச் சொன்னால் நான் என்னத்தைச் சொல்லுறது?”

“அப்ப பத்தாயிரத்தைத் தாரும், காணும்.”

இந்தப் ‘பத்தாயிரம்’ கட்டைகளைப் பார்த்துச் சொன்னதன்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னது என்பது எனக்குத் தெரியும். நானோ, அவர் மனைவியாருக்கு அவ்வருஷம் நடந்த சத்திரசிகிச்சையை நினைத்து, அறுபதினாயிரம் கொடுத்துவிடலாம் என்று உள்ளூரத் தீர்மானித்திருந்தேன். அவர் தொகை என்னிடத்துப் பட்சத்தால் இறங்கியது. என் தொகை அவரிடத்து அனுதாபத்தால் ஏறியது. இரண்டு தொகைகளிலும் கட்டைகளைப் பற்றிய யோசனை லவலேசமும் இல்லை.

விலையை வேறெங்கே தேடுவது? கொழும்பிலே புதுப்பெட்டி விற்கும் விலையைக் கொள்ளலாமென்றால், இங்கே பெட்டி ஒன்றுமில்லை. கட்டும் முறையைப் படமாய்க் காட்டும் புத்தகங்களையும் கறையான் தின்றுவிட்டது. பழைய பிளாஸ்டிக் சாமான் எடுக்கவரும் வியாபாரியின் தராசை நம்பலாமென்றால், அவனுக்கு உடைந்த வாளியும் இதுவும் ஒன்றே. எட்டுக் குமிழுள்ள கட்டை ஒன்று ஏறக்குறைய இரண்டேகால் கிராம் நிறையுடையது. ஆனால் அத்தகைய ஆறு கட்டைகளை 915,103,765 விதமாக ஒன்றோடொன்று பொருத்தலாம் என்று கணித வல்லுநர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தக் கோடிகளையெல்லாம் எந்தத் தராசு நிறுக்கும்? 1958இல் உரிமைப்பத்திரம் கோரப்பட்ட அக்காலத்துக் கட்டை இன்றைய கட்டையோடும் பிசகின்றிப் பொருந்தும் என்கிறார்கள். 1932இல் அத்தொழிலைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் ஒரு தச்சர். மரத்தாராக்களுக்கு மூன்றுதரம் பூசவேண்டிய வார்னிஷை இரண்டுதரம் மாத்திரம் பூசிக் காசை மிச்சம் பிடித்ததாக மகன் பெருமையோடு சொன்னபோது, அனுப்பிய பெட்டிகளைப் புகையிரத நிலையத்திலிருந்து திருப்பிக்கொண்டுவந்து மூன்றாம் பூச்சையும் பூசும்படி அவர் பணித்தாராம். அந்த மூன்றாம் பூச்சின் குணந்தான், இருபது வருஷத்துக்கு முந்திய கட்டை இன்றும் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்வதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு ஒரு விலை கொடுத்தேயாக வேண்டும்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய உருத்திரங்கண்ணனார், ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருளையும் அந்நகரத் தெருவிலே கண்டு சொன்னவர், அவ்வணிகர் கொள்ளும்போது மிகுதியாய்க் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாய்க் கொடாமலும் இருந்ததை வியந்து பேசுகிறார். ஆனால் குறைத்துக் கேட்கும் சிநேகிதரையும் மிகுத்துக் கொடுக்கும் சிநேகிதனையும் பற்றிப் பட்டினப்பாலையிலே ஒன்றும் இல்லை. யோசிக்கும்போது அவர்களுடைய குற்றமும் சிறியதன்று. அவர் பத்தாயிரத்துக்குத் தந்தால் நான் அவருக்கு என்றைக்கும் கடனாளி. நான் அறுபதினாயிரம் கொடுத்தால், விலையென்ற போர்வைக்குள்ளே தர்மத்தை மறைத்துவைத்து, ஐம்பது வருஷம் சமானமாய் என்னோடு உட்கார்ந்த மனிதரை ஒரு கணத்திலே கை நீட்டுபவராக்கியவனாவேன். சிநேகிதருக்கு உதவ வேண்டுமானால் உதவியென்று சொல்லியே உதவவேண்டும்.

இந்த இடத்திலேதான் என் பழைய தொழில் எனக்குத் துணைவந்தது. ஒல்லாந்தர் காலத்திலே, 1707ஆம் ஆண்டு, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுக்க, பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட நம் தேசவழமையில், காணி விற்க நினைப்பவன் பங்காளி, உரித்தாளி முதலியோருக்கு முதலில் அறிவிக்கவேண்டும் என்ற ஒரு விதி உண்டு. இவர்களைத் தவிர்த்து அந்நியருக்கு எழுதிவிட்டான் என்று இதன்பேரில் நடந்த வழக்குகள் எத்தனையோ! ஆனால் அந்த விதி, நெருங்கியவனுக்கு முந்தி வாங்கும் உரிமையைக் கொடுத்ததேயன்றி, குறைத்து வாங்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. உறவு வரிசையை மாற்றலாம், விலையை மாற்றலாகாது. இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எனக்கு விளங்கியது அன்றுதான்.

ஆகவே, காணிக்கு எல்லை பார்ப்பதுபோல இதற்கும் எல்லை பார்த்தேன். கடைகளிலே வாங்கிக் கலந்துவிட்ட, பிடிப்பில்லாத போலிக் கட்டைகளைப் பிரித்தெடுத்தபின் நல்லவை எட்டுக் கிலோ நின்றன. வெள்ளைக் கட்டைகள் வெயிலிற் பழுத்திருந்தன. சிலவற்றிலே பாற்பல் அடையாளமும் இருந்தது. டென்மார்க்கிலுள்ள தம்பியாரைத் தொலைபேசியில் அழைத்து, இத்தகைய பழங்கட்டைகள் அங்கே கிலோ என்ன விலைக்குப் போகும் என்று கேட்டு, ரூபாவாக்கிப் பார்க்க, எல்லாம் 34,000 ஆயிற்று. அங்கிருந்து நான் தருவிப்பதானால் கூலி 14,000 சேர்ந்து 48,000 ஆகும், அது மேலெல்லை. இங்கிருந்து அனுப்பிச் சிநேகிதர் அங்கே விற்பதானால் அதே கூலி கழிந்து 20,000தான் மிஞ்சும், அது கீழெல்லை. அவருடைய பத்தாயிரமும் என் அறுபதினாயிரமும் எல்லைக்கு வெளியே தெருவில் நின்றன. கூலியில்லாமல் மிச்சமாகும் லாபத்தை இருவரும் பாதிபாதியாய்ப் பகிர்வதே நியாயம் என்று நடுவிலே கோடு கீறினால், மறுபடியும் அந்த 34,000மே வந்து நின்றது.

காணி விஷயத்தில், முத்திரைச் செலவுக்கு அஞ்சி உறுதியில் ஒரு தொகையை எழுதுவித்து, கையிலே வேறொரு தொகையை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை அறியாத நொத்தாரிசு இல்லை. எழுதிய விலைக்கும் கொடுத்த விலைக்கும் இடையே எதையேனும் மறைக்கவேண்டியிருந்தால் அது நியாய விலையன்று. கணக்கைத் தாளில் எழுதி, அவர் மனைவியார் தேத்தண்ணீர் கொண்டுவந்த சமயத்தில் அவருக்கும் கேட்கும்படி வாசித்தேன். சிநேகிதர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்பு, “சரி, முடியும்” என்றார்.

கடகங்களைத் தூக்கும்போது அவர் என் கையைப் பிடித்தார். புகைவண்டியிலிருந்து மஞ்சள் முகத்துச் சாரதிப் பொம்மையை எடுத்துச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு, “இது நீங்கலாக” என்றார். அதற்காக விலையைக் குறைக்கவும் சித்தமாயிருந்தார், நான் சம்மதிக்கவில்லை.

இப்போது வெள்ளிதோறும் பின்னேரத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பேரன் தண்டவாளத்தைப் பூட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பையிலிருந்து சாரதியை எடுத்து இயந்திரத்தில் இருத்துகிறார். போகும்போது மறவாமல் எடுத்துச் செல்கிறார். விற்ற காணியிலும் விற்றவனுக்கு ஒரு பாதை உரிமை மிஞ்சியிருக்கலாம் என்பதை அறிந்தவனாதலால், நான் ஆட்சேபிப்பதில்லை.