காற்று எந்தப் பக்கம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிக்காலத்தை அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள ஃபார்கோ நகரில், என் மகள் வீட்டில் கழித்தேன். ஊரின் விளிம்பில் இருந்தது வீடு. அதற்கப்பால் அறுவடை முடிந்த வயல்கள். மேடு என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படவில்லை. பனியுகத்தின் முடிவில் அங்கே பரந்து கிடந்த பேரேரி ஒன்று வடிந்துபோக, அதன் அடித்தரையே இன்று சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. பள்ளத்தாக்கு என்பது பெயருக்குத்தான். தாம்பாளம்போல் தட்டையான நிலம். கனடாவிலிருந்து இறங்கிவரும் வாடைக்கு அங்கே தடையேதும் இல்லை.

சனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பு வந்தது. ஞாயிறன்று 2 முதல் 4 அங்குலம் வெண்பனி. மணிக்கு 50 மைல் வரை காற்று. மகள் உடனே கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வந்தாள். மருமகன் காரின் பின்பகுதியைத் திறந்து கம்பளி, மண்வாரி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, சாக்லேட் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்திய மாதம் ஒரே இரவில் முழங்காலளவு பனி விழுந்தும், மறுநாள் ஊர் வழக்கம்போல் இயங்கியதைக் கண்டவன் நான். நான்கு அங்குலத்துக்கு இத்தனை ஆரவாரமா?

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டுமே" என்றேன்.

"போக முடியாது அப்பா. நீங்கள் பனியைப் பார்க்கிறீர்கள், காற்றைப் பாருங்கள்" என்றாள்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கே காற்றைப் பற்றிப் பாடமா என்று மனத்தாங்கல் உண்டாயிற்று. ஞாயிறு காலையில் அது இன்னும் கூடியது. இரவில் மெல்லிய பனி விழுந்து ஓய்ந்திருந்தது. வானம் வெளுத்து, இளவெயில்கூட அடித்தது. திருப்பலி வீணே தவறிப்போயிற்றே என்று மதியம்வரை யாரோடும் பேசவில்லை. பிறகு, ஏதாவது வேலை செய்து என் திடத்தைக் காட்டிவிட எண்ணி, குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கப் புறப்பட்டேன். வாசலிலிருந்து முப்பது அடி தூரம்தான்.

தொட்டியை வைத்துவிட்டுத் திரும்பியபோது வீட்டைக் காணவில்லை. தரையில் கிடந்த பனியையெல்லாம் காற்று வாரியெடுத்து வீசிக்கொண்டிருந்தது. அது பஞ்சுபோன்ற பனியன்று; மாவுபோன்றது. கண்ணிலும் மூக்கிலும் புகுந்து மூச்சை அடைத்தது. வியப்பு என்னவென்றால், அண்ணாந்து பார்த்தால் நீலவானம் மங்கலாகத் தெரிந்தது! எதிரே நீட்டிய என் கைதான் தெரியவில்லை. நாலைந்து அடி நடந்தேன். காலடியில் சிமெண்டுப் பாதை இல்லை, புல்தரை. வயற்பக்கம் திரும்பிவிட்டேனோ என்ற அச்சத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அப்போது மருமகன் காரின் ஒலிப்பானை விடாமல் அழுத்தினார். அந்த ஓசையைப் பற்றிக்கொண்டு வீடு சேர்ந்தேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. சுடுநீர் கொண்டுவந்து தந்தாள்.

பனிப்புயல் என்று எதை அழைப்பது என்பதற்கு அமெரிக்க வானிலைத் துறை ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. மணிக்கு 35 மைலுக்குக் குறையாத காற்று. கால் மைலுக்குள் சுருங்கிய பார்வை. இவை இரண்டும் மூன்று மணிநேரமாவது நீடிக்க வேண்டும். எத்தனை அங்குலம் பனி விழ வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. புதுப்பனி விழாமலே, கிடக்கும் பழம்பனியைக் கொண்டே காற்று புயலை நடத்திவிடும். அங்கே வயலோரங்களில் வரிசை வரிசையாக மரங்கள் நிற்பதும் காற்றைத் தடுக்கத்தான். 1934 முதல் 1942 வரை அரசு முயன்று அச்சமவெளிகளில் நட்டவை மட்டும் இருபது கோடிக்கு மேல்.

பின்னர் ஊர் நூலகத்தில் 1888-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாளைப் பற்றிப் படித்தேன். கடுங்குளிர் வாட்டிய நாள்களுக்குப்பின் அன்று காலை இதமாக விடிந்தது. டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் உழவர்கள் கால்நடைகளை வெளியே ஓட்டினர். பிள்ளைகள் பலர் தடித்த மேலாடையின்றிப் பள்ளிக்கு நடந்தனர். பகற்பொழுதில் வடமேற்கிலிருந்து வந்து மோதியது புயல். இறந்தோர் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நெப்ராஸ்காவின் பிளெயின்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் என்ற இளம் ஆசிரியை, பள்ளியில் எரிபொருள் தீர்ந்ததும் மூன்று பிள்ளைகளைத் தாம் தங்கியிருந்த வீட்டுக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டார். வீடு கூப்பிடு தூரம். வழி தப்பியது. விடிவதற்குள் மூன்று பிள்ளைகளும் அவர் அருகிலேயே இறந்தனர். அவருடைய பாதங்களை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. நானும் ஆசிரியனாக இருந்தவன். அந்தப் பக்கத்தோடு அன்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

முன்னறிவிப்பு இல்லாமலில்லை. அக்காலத்தில் வானிலை கணிப்பது இராணுவத்தின் வேலை. செயின்ட் பால் நகரில் தாமஸ் உட்ரஃப் என்ற அதிகாரி, குளிரலை வரும், பனி குவியும் என்று முந்திய நள்ளிரவே எழுதிவிட்டார். தந்தி இருப்புப்பாதை நிலையங்கள்வரை ஓடியது. நடுவில் கருஞ்சதுரம் பொறித்த வெள்ளைக்கொடி ஏற்றுவதுதான் குளிரலைக்கு அடையாளம். பல மைல் தள்ளி மண்குடிசையில் இருந்தவன் எந்தக் கொடியைக் கண்டான்?

இதைப் படித்தபோது என் அக்காள் மகன் நினைவு வந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, எங்கள் குமரிக் கடற்கரையிலிருந்து போன பலரைப்போல் அவனும் ஆழ்கடலில் இருந்தான். எச்சரிக்கை வெளியானபோது, அது எட்டாத தொலைவுக்குப் படகு போயிருந்தது. உடலும் கிடைக்கவில்லை. அதன்பின் அக்காள் வானொலியில் வானிலைச் செய்தி கேளாமல் உறங்குவதில்லை.

அந்த ஞாயிறு இரவு அக்காளின் தொலைபேசி வந்தது. பனி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

"தம்பி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது?"

"வடமேற்கு அக்கா. வாடைதான்."

"எல்லாரும் உள்ளே இருக்கிறீர்களா?"

"இருக்கிறோம்."

"ஆளெண்ணிச் சொல்."

மகள், மருமகன், பேரன், நான் என்று ஒவ்வொருவராக எண்ணிச் சொன்னேன்.