ஆசிலோஸ்கோப் வாங்கப் போன மாணவன்

விடுதி அறையில் ஒரு மாணவன் குட்டி ரோபோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். ஒரு ஆர்டுயினோ யூனோ, இரண்டு மோட்டார், ஒரு மோட்டார் டிரைவர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 5 வோல்ட் சப்ளை. அவ்வளவுதான். ஆனால் மோட்டார் ஓட ஆரம்பித்த மறுகணமே ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடும். புரோகிராமை நாலு தடவை மாற்றி எழுதிப் பார்த்தான். மல்டிமீட்டரை வைத்தால் அது சமர்த்தாக 5 வோல்ட் காட்டியது. கல்லூரி லேபில் சி.ஆர்.ஓ. உண்டு. ஆனால் இவனுக்கு நேரம் கிடைக்கும்போது லேப் பூட்டியிருக்கும். ப்ராஜெக்ட் காட்ட இரண்டே வாரம்தான் பாக்கி.

சொந்தமாக ஒரு ஸ்கோப் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தான். கையில் இருந்தது டியூஷன் எடுத்துச் சேர்த்த சில ஆயிரம் ரூபாய். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "குறைஞ்சது 100 மெகா ஹெர்ட்ஸ் வாங்குடா, இல்லேன்னா வேஸ்ட்."

அந்த அறிவுரை தப்பில்லை. 100 மெகா ஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் அதே 100 மெகா ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால், உண்மையான உயரத்தில் சுமார் 70 சதவீதம்தான் திரையில் தெரியும். சதுர அலை என்றால் அதன் மூன்றாவது, ஐந்தாவது ஹார்மோனிக்கும் உள்ளே வந்தால்தான் சதுரம் சதுரமாக இருக்கும். அதனால்தான் பார்க்கப்போகும் அலையைப் போல் ஐந்து மடங்கு பேண்ட்வித் வேண்டும் என்பார்கள். யூனோவின் 16 மெகா ஹெர்ட்ஸ் கடிகார அலையைப் பார்க்கவே 80 மெகா ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது.

ஆனால் அவனுக்கு வேண்டியது கடிகார அலை இல்லையே! மோட்டார் கிளம்பும்போது கரண்டை ஒரேயடியாக இழுக்கும். வோல்டேஜ் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் கீழே விழுந்து எழும். 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் யூனோவின் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். மல்டிமீட்டரோ நொடிக்குச் சில தடவைதான் அளக்கிறது, அதையும் சராசரியாக்கிக் காட்டுகிறது. அதன் கண்ணில் இந்தச் சறுக்கல் படவே படாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய 20 மெகா ஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ. மலிவாகக் கிடைக்கலாம். அதுவும் இங்கே உதவாது. திரும்பத் திரும்ப வரும் அலையை அது அழகாகக் காட்டும். ஒரே ஒரு முறை வந்துபோவதைப் பிடித்து நிறுத்தாது. அவனுக்கு வேண்டியது மூன்று வேலைகள்: காத்திருக்க வேண்டும், பிடிக்க வேண்டும், பிடித்ததைத் திரையில் வைத்திருக்க வேண்டும். அதாவது ட்ரிக்கரும் மெமரியும்.

கடைசியில் அவன் வாங்கியது டி.எஸ்.ஓ. 138 என்ற கிட். ஒரே சேனல், பேண்ட்வித் வெறும் 200 கிலோ ஹெர்ட்ஸ், நொடிக்கு பத்து லட்சம் சாம்பிள். பெரிய ஸ்கோப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நண்பர்கள் பொம்மை என்று சிரித்தார்கள். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோ நொடிக்கு ஒரு சாம்பிள்; ஒரு மில்லி நொடிச் சறுக்கலுக்கு ஆயிரம் புள்ளிகள். தாராளம்! ட்ரிக்கரை 4 வோல்ட்டில், இறங்கும் முனையில், சிங்கிள் மோடில் வைத்தான். மோட்டாரை ஓட விட்டான். 5 வோல்ட்டில் நேராகப் போன கோடு, கிணற்றில் விழுந்த வாளி மாதிரி 2.7க்கும் கீழே போய் ஏறி நின்றது. இரண்டு வாரத் தலைவலி ஒரே படத்தில். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணைத்தான். ரோபோ ஓடியது.

வெற்றி தலைக்கேறியதும் அடுத்து மொபைல் சார்ஜரைத் திறந்தான். லேப் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல அதை மூடு" என்றார். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் சுமார் 325 வோல்ட். அந்தக் கிட் தாங்குவது 50 தான். பெரிய ஸ்கோப் என்றாலும் ஆபத்து போகாது. அதன் கிரவுண்ட் கிளிப் பிளக்கின் எர்த்தோடு இணைந்தது. சார்ஜரின் மெயின்ஸ் பக்கம் மாட்டினால் நேராக ஷார்ட். எர்த் பின்னை வெட்டிவிட்டு மாட்டுகிறவர்களும் உண்டு; அப்போது ஸ்கோப்பின் உலோக பாகங்களே உயிரை வாங்கும். அந்த வேலைக்கு டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும், இல்லாவிட்டால் கையை வைக்கக்கூடாது.

வேலைக்குப் போனதும் நாலு சேனல் ஸ்கோப் வாங்க ஆசை அவனுக்கு. அதிலும் சிறிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டான். ரைகால் டி.எஸ். 1054 இசட் போன்றவற்றில் நொடிக்கு 100 கோடி சாம்பிள் என்பது ஒரு சேனலுக்கு மட்டும். நாலையும் திறந்தால் ஆளுக்கு 25 கோடிதான்.

எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று ஜூனியர்கள் இப்போது அவனிடம் வந்து கேட்கிறார்கள். அவன் மாடல் பெயர் எதுவும் சொல்வதில்லை. "நீ எதைப் பார்க்கப்போறே?" என்றுதான் முதலில் கேட்கிறான்.